சிறுவர் தைராய்டு புற்றுநோய்: அறுவைக்குப் பணம் உண்டு, ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனைக்கு வழி?

புது தில்லி: குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் தைராய்டு புற்றுநோய் சற்று வினோதமானது. கண்டுபிடிக்கப்படும்போது பெரியவர்களுக்கு இருப்பதைவிட அதிகமாகப் பரவியிருக்கும். ஆனால், அதனால் உயிரிழப்பவர்கள் மிகச் சிலரே. குணமாகிவிட்டது என்று பெற்றோர் நிம்மதி அடைந்த பிறகு, பத்து ஆண்டுகள் கழித்தும் இருபது ஆண்டுகள் கழித்தும் அது திரும்பி வரக்கூடும்.

அப்படித் திரும்புவதைக் கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்னரே காட்டிக் கொடுக்க ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதன் பெயர் தைரோகுளோபுலின். அறுவைச் சிகிச்சைக்கும் கதிரியக்க அயோடினுக்கும் மத்திய, மாநில அரசுகளின் மருத்துவத் திட்டங்கள் பணம் தருகின்றன. காலையில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு மாலையில் ஊர் திரும்பும் இந்தப் பரிசோதனைக்கு அத்திட்டங்களில் பெரும்பாலும் இடமில்லை.

மருத்துவமனைகளே இல்லாத மாவட்டங்களில் இந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது. அங்கு அடிப்படைச் சிகிச்சையே பெரும் பாடு. மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லாத சித்தூர், திருப்பதி மாவட்டங்களில்தான் இது பளிச்செனத் தெரிகிறது.

எல்லைக்கு இருபுறமும்: 1911-இல் சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டு, 1953-இல் ஆந்திரத்துடன் சென்ற பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து, 1959-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் தமிழகத்துடன் இணைந்தன. எஞ்சிய மாவட்டமும் 2022 ஏப்ரல் 4-இல் பிரிக்கப்பட்டு, திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தனி மாவட்டம் உருவானது. கோடுகள் மாறின, நோயாளிகளின் பாதை மாறவில்லை. சித்தூர்க்காரர்களுக்குச் சொந்த மாநிலத்தின் திருப்பதியைவிட, அடுத்த மாநிலத்தின் வேலூர் கிட்டத்தட்டப் பாதித் தொலைவுதான். திருப்பதி - பாகாலா - சித்தூர் - காட்பாடி ரயில் பாதையில் மருத்துவக் கோப்புகளைப் பிளாஸ்டிக் பையில் சுமந்து செல்பவர்களைக் காணாத நாள் அரிது.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய சிகிச்சைப் பணியிலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனை இருக்கிறது, அதற்குச் சித்தூர் அருகிலும் ஒரு வளாகம் உண்டு. திருப்பதியில், தில்லி எய்ம்ஸ் போன்ற ஒரு நிறுவனம் வேண்டும் என்ற நோக்கில் அன்றைய முதல்வர் என்.டி. ராமராவ் 1986-இல் அடிக்கல் நாட்டி, 1993-இல் செயல்படத் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம் (ஸ்விம்ஸ்) இருக்கிறது. அங்கு நாளமில்லாச் சுரப்பி மருத்துவம், அணு மருத்துவம் ஆகிய துறைகள் உள்ளன. இதற்கு மேல், திருமலை திருப்பதி தேவஸ்தானம் அளித்த நிலத்தில் டாடா அறக்கட்டளைகளின் ஆதரவுடன் புற்றுநோய்க்கென்றே தனியாக ஒரு மருத்துவமனை கட்டப்பட்டது. ஸ்ரீ வேங்கடேஸ்வரா புற்றுநோய் சிகிச்சை, உயர் ஆராய்ச்சி நிறுவனம் என்ற அந்த மருத்துவமனைக்கு 2018-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2022 மே மாதத்தில் திறப்பு விழா நடைபெற்றது.

ஆகவே, கத்தி வைக்கவோ மருந்து கொடுக்கவோ ஆளில்லை என்று இங்கு யாரும் சொல்ல முடியாது. சிகிச்சை முடிந்த பிறகு வரும் நீண்ட காலம்தான் பிரச்னை.

முதல் அறிகுறி: கழுத்தில் தைராய்டு சுரப்பியில் ஒரு முண்டு, அல்லது பக்கவாட்டில் நிணநீர்க் கணுக்களின் வீக்கம். பெரும்பாலும் வலி இருக்காது. நமது நாட்டில் குழந்தையின் கழுத்தில் கணு வீங்கினால் முதலில் சந்தேகிக்கப்படுவது காசநோய்தான். அந்தச் சந்தேகத்தில் தவறில்லை. ஆனால், ஊசி மூலம் திசு எடுத்துப் பார்க்காமலேயே மாதக்கணக்கில் மாத்திரை கொடுக்கப்படுமானால், அதற்குள் நோய் நுரையீரலை எட்டிவிட வாய்ப்புண்டு.

பெரியவர்களுக்குத் தைராய்டு முண்டுகள் சர்வ சாதாரணம். அவற்றில் புற்றுநோயாக இருப்பவை 5 முதல் 10 சதவீதம் வரைதான். குழந்தைகளுக்கு முண்டு வருவது அரிது. வந்தால், அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 22 முதல் 26 சதவீதம் வரை என அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015-இல் குழந்தைகளுக்கென முதன்முறையாகத் தனியே வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தெரிவிக்கின்றன.

மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின்கீழ் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் செல்லும் மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டிய சுமார் 30 நோய்களின் பட்டியலில் முன்கழுத்துக் கழலையும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது. அது அயோடின் பற்றாக்குறையைக் கண்டறிவதற்காகச் சேர்க்கப்பட்டது. கழுத்தை எப்படியும் தொட்டுப் பார்க்கும் அதே விரல்கள், பொதுவான வீக்கத்தையும் தனி முண்டையும் வேறுபடுத்திப் பார்த்துவிட்டால் தனியாக ஒரு திட்டமே தேவையில்லை.

காட்டிக் கொடுக்கும் புரதம்: தைரோகுளோபுலின் என்பது தைராய்டு செல்கள் மட்டுமே உற்பத்தி செய்யும் ஒரு புரதம். உடலின் வேறு எந்த உறுப்பும் அதைச் சுரப்பதில்லை. இதில்தான் அதன் மதிப்பு அடங்கியிருக்கிறது. சுரப்பி முழுவதையும் அகற்றிவிட்டால், ரத்தத்தில் இந்தப் புரதம் ஏறத்தாழ இல்லாமல் போக வேண்டும். இருந்தால், எங்கோ தைராய்டு செல்கள் மிஞ்சியிருக்கின்றன என்று பொருள். கழுத்திலா, நுரையீரலிலா, அவை தீங்கற்ற எச்சமா, புற்றா என்பதைக் கண்டறிவது அடுத்த வேலை.

1970-களில் இதை அளக்கும் முறை உருவானது. பரவிய தைராய்டு புற்றுநோயின் அடையாளமாக இதைக் கொள்ளலாம் என்று வான் ஹெர்லே என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும் 1975-இல் எழுதினர். டியூமர் மார்க்கர் எனப்படும் ரத்தக் குறியீடுகளில் பல, மருத்துவருக்குக் குழப்பம் தருபவை. நோய் இல்லாதவருக்கும் உயரும், இருப்பவருக்கும் உயராது. அவற்றோடு ஒப்பிட்டால் தைரோகுளோபுலின் நாணயமானது. ஒரே நிபந்தனை, சுரப்பி அகற்றப்பட்டிருக்க வேண்டும். சுரப்பி இருக்கும்போது சாதாரணக் கழலைக்கும் இது எகிறும். எனவே, அறுவைக்கு முன் இதைப் பார்த்துப் புற்றுநோயா, இல்லையா என்று முடிவு செய்ய முடியாது.

நாணயமானது என்றாலும், அதுவும் சில வேளைகளில் ஏமாற்றும். தைராய்டு புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறது. அது இருந்தால், பரவலாகப் பயன்படும் பரிசோதனை முறைகளில் புரதம் இருந்தும் இல்லாதது போலக் காட்டும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது விதி. எதிர்ப்பொருள் உள்ள குழந்தைக்கு அந்த எதிர்ப்பொருளின் ஏற்ற இறக்கமே குறியீடாகிவிடுகிறது. ஆண்டுதோறும் குறைந்துவந்தால் நல்லது, திடீரென ஏறினால் தேட வேண்டும்.

இன்னொரு சிக்கல், பரிசோதனைக்கூடங்களைப் பற்றியது. ஒரே ரத்தத்தை இருவேறு நிறுவனங்களின் கருவிகளில் அளந்தால், விடை ஒன்றுக்கொன்று இருமடங்கு வரை வேறுபடக்கூடும். இந்த ஆண்டு வேலூரிலும், அடுத்த ஆண்டு திருப்பதியிலும், அதற்கடுத்த ஆண்டு சித்தூர் பஜாரில் உள்ள தனியார் கூடத்திலும் எடுத்த மூன்று அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நோய் ஏறியதா, கருவி மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு தனி எண்ணைவிட, ஒரே இடத்தில் ஒரே முறையில் எடுத்த எண்களின் வரிசைக்கே மதிப்பு. பணத்துக்கேற்ப இடம் மாறும் குடும்பத்துக்கு அந்த வரிசை கிடைப்பதில்லை.

முடி வளர்வதற்கென்று கடைகளில் விற்கப்படும் பயோட்டின் மாத்திரையும் சில கருவிகளில் தைரோகுளோபுலின் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இத்தகைய பரிசோதனைக் குளறுபடிகள் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரிக்கை விடுத்தது. வயதுப் பெண்கள் இந்த மாத்திரையை மருந்தாகவே கருதுவதில்லை. மருத்துவர் கேட்டாலொழியச் சொல்வதும் இல்லை.

மூன்று பிரிவுகள்: குழந்தைகளில் நோய் திரும்பும் அபாயத்தை, அறுவையின்போது தெரியவரும் பரவலைக் கொண்டு மருத்துவர்கள் பிரிக்கின்றனர். சுரப்பிக்குள் அடங்கியிருந்தால் குறைந்த அபாயம். கழுத்தின் நடுப்பகுதிக் கணுக்களில் கணிசமாகவோ, பக்கவாட்டுக் கணுக்களில் சிறிதளவோ இருந்தால் இடைநிலை. பக்கவாட்டுக் கணுக்களில் பெருமளவு பரவியிருந்தாலோ, சுற்றியுள்ள உறுப்புகளை ஊடுருவியிருந்தாலோ உயர் அபாயம். இந்த உயர் பிரிவினரில்தான் நுரையீரல் பரவல் அதிகம் காணப்படுகிறது.

அறுவைக்குப் பிறகு சில வாரங்களில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் உயர்ந்திருக்கும் நிலையில் அளந்த தைரோகுளோபுலின் ஒரு மில்லி லிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழ் இருந்து, எதிர்ப்பொருளும் இல்லையென்றால், நோய் மிஞ்சியிருக்கும் வாய்ப்பு குறைவு. 10 நானோகிராமைத் தாண்டினால் மேலும் தேட வேண்டும். இடைப்பட்டவர்களுக்குக் கழுத்து அல்ட்ராசவுண்டு, ஸ்கேன் ஆகியவற்றோடு மருத்துவரின் அனுபவமும் தேவைப்படுகிறது.

இந்த எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. நோயைக் கண்டுபிடிப்பது மட்டுமல்ல, தேவையற்ற கதிரியக்கத்திலிருந்து குழந்தையைக் காப்பாற்றுவதும் இந்த எண்தான். முன்பெல்லாம் அறுவை முடிந்த ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் கதிரியக்க அயோடின் கொடுக்கப்பட்டது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1940 முதல் 2008 வரை சிகிச்சை பெற்ற, 21 வயதுக்குட்பட்ட 215 பேரைப் பற்றிய ஆய்வு 2010-இல் வெளியானது. அவர்களில் தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்கள் இரண்டே பேர். 40 ஆண்டுகளில் நோய் எங்காவது திரும்பியவர்கள் 32 சதவீதம். ஆனால், 30 முதல் 50 ஆண்டுகள் கழித்து வேறு புற்றுநோய்களால் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளமையில் ஏதாவது ஒரு வகைக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள்.

அந்த 32 சதவீதத்தை வேறு ஆய்வுகளும் உறுதிப்படுத்துகின்றன. எர்னஸ்ட் மாஸ்ஸஃபெரி குழுவினர் 1,355 நோயாளிகளைப் பற்றி 1994-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. 20 வயதுக்குக் கீழும் 60-ஐ ஒட்டிய வயதுக்கு மேலும் இருந்தவர்களுக்கே அது அதிகம். மூன்றில் ஒருவருக்குத் திரும்பக்கூடிய நோயை, ஐந்தாண்டு பிழைத்தால் வெற்றி என்ற மற்றப் புற்றுநோய்களின் கணக்கில் அடைக்க முடியாது.

செர்னோபில் சொன்ன பாடம்: திருப்பதியில் ஸ்விம்ஸ் அடிக்கல் நாட்டப்பட்ட அதே 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-இல், சோவியத் யூனியனின் செர்னோபில் அணு உலை வெடித்தது. சிறுவர் தைராய்டு புற்றுநோயைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும் பகுதி அந்தத் துயரத்திலிருந்து வந்தது. காற்றில் கலந்த அயோடின்-131 புல்லில் படிந்து, பசுவின் பாலில் கலந்து, குழந்தைகளின் தைராய்டில் சேர்ந்தது. விபத்தின்போது 18 வயதுக்குட்பட்டிருந்தவர்களில், பெலாரஸ், உக்ரைன், ரஷியாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் 2005 வரை 6,800-க்கும் அதிகமானோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டதாக ஐ.நா.வின் கதிர்வீச்சு விளைவுகள் குறித்த அறிவியல் குழு தெரிவித்தது. அதுவரை இறந்தவர்கள் 15 பேர்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரம்தான் கவனிக்கத்தக்கது. நோய் கொடியது அல்ல என்பதோடு, அந்தக் குழந்தைகள் விடாமல் கண்காணிக்கப்பட்டனர் என்பதும் அதற்குக் காரணம். சித்தூர்க் குழந்தைகளின் நோய்க்கும் அணு உலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு நோய் ஏன் வந்தது என்ற காரணமே தெரிவதில்லை. ஆனால், கண்காணிப்பு என்ற பாடம் அவர்களுக்கும் பொருந்தும்.

குழந்தையைக் கெடுத்த அதே அயோடின்-131-தான், அளந்து கொடுக்கப்படும்போது மருந்தாகிறது. எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகக் குறைந்துவிடும். மும்பை டிராம்பேயில் உள்ள உலையில் தயாராகி, அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் கதிர்வீச்சு, ஐசோடோப்பு தொழில்நுட்ப வாரியத்தின் வழியாக நாடெங்கும் மருத்துவமனைகளுக்கு இது அனுப்பப்படுகிறது. இதை அதிக அளவில் கொடுக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும், தனி அறையும், நோயாளியின் கழிவு நீரைத் தேக்கி வைக்கும் தொட்டிகளும் வேண்டும். குழந்தை தனி அறையில், தாயின் மடியைத் தேட முடியாமல், சில நாள்கள் இருக்க வேண்டும். வீடு திரும்பியதும் தம்பி, தங்கையிடமிருந்து சில நாள்கள் விலகியிருக்க வேண்டும். ஓரறை வீட்டில் இது எப்படி என்று கேட்டால், விடை சொல்வது கடினம்.

சிகிச்சைக்கு முன் சுமார் இரண்டு வாரங்கள் உணவில் அயோடினைக் குறைக்க வேண்டும். கடல் மீன், பால், முட்டையின் மஞ்சள் கரு, கடைப் பண்டங்கள் ஆகியவற்றோடு அயோடின் கலந்த உப்பும் விலக்கப்படுகிறது. 2006 மே 17 முதல் உணவுக்கு அயோடின் கலக்காத உப்பை விற்க நாடு முழுவதும் மீண்டும் தடை விதிக்கப்பட்டதால், அந்த இரண்டு வாரத்துக்கு வேறு உப்பைத் தேடி அலைவது பெற்றோரின் பொறுப்பு. இதை வைத்து, அயோடின் உப்பால்தான் புற்றுநோய் வந்தது என்று கிராமங்களில் வதந்தி கிளம்புவதும் உண்டு. அது உண்மையல்ல. உடலின் அயோடின் பசியைத் தூண்டி, மருந்து முழுவதும் நோயுற்ற செல்களுக்குச் செல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தப் பத்தியம்.

நுரையீரல் பரவல் விஷயத்தில் தில்லி எய்ம்ஸின் பங்கு முக்கியமானது. மார்பு எக்ஸ்-ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் தெரியாத நுரையீரல் பரவல், குழந்தைகளில் கதிரியக்க அயோடின் ஸ்கேனில் தெரியக்கூடும் என்று அதன் அணு மருத்துவத் துறையைச் சேர்ந்த டாக்டர் சந்திரசேகர் பால் குழுவினர் 2004-இல் எழுதினர். அத்தகைய குழந்தைகளுக்குத் தைரோகுளோபுலின் உடனே பூஜ்யத்துக்கு வந்துவிடாது. ஒரு தவணை மருந்துக்குப் பிறகு அது மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். எண் இன்னும் இருக்கிறதே என்று பதறி அடுத்த தவணையை அவசரமாகக் கொடுப்பது தவறு என்று நெறிமுறைகள் எச்சரிக்கின்றன. ஆனால், எண் இறங்குகிறதா என்பது தெரிய, முந்தைய எண் கையில் இருக்க வேண்டும்.

தைராய்டு புற்றுநோயில் இன்னொரு வகை, மெடுல்லரி. இது அரிது. இதற்குத் தைரோகுளோபுலின் பயன்படாது. கால்சிடோனின் என்ற ஹார்மோன்தான் குறியீடு. குழந்தைகளில் இது பெரும்பாலும் பரம்பரையாக, 'ரெட்' என்ற மரபணுவின் பிழையால் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு அந்தப் பிழை இருந்தால், குழந்தைக்கு வர சரிபாதி வாய்ப்பு. மரபணுப் பரிசோதனையில் பிழை உறுதியானால், அதன் வகையைப் பொருத்து, நோய் தோன்றும் முன்பே, சிலருக்கு ஒரு வயதுக்குள்ளும் சிலருக்கு ஐந்து வயதுக்குள்ளும் சுரப்பி அகற்றப்படுகிறது. நோயாளி ஒருவர் என்று வந்த குடும்பத்தில் மற்றவர்களையும் அழைத்துப் பரிசோதிக்க வேண்டிய நோய் இது.

கணக்கில் வராத செலவு: 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமர் ஜன் ஆரோக்கியத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால், மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்வதே அதன் அடிப்படை. சேர்வதற்கு முந்தைய 3 நாள்களும், வீடு திரும்பிய பிந்தைய 15 நாள்களும் கணக்கில் அடங்கும். முப்பது ஆண்டுகள் கண்காணிக்க வேண்டிய நோய்க்குப் பதினைந்து நாள்!

ஆந்திரத்தில் இதற்கு முன்னோடி இருந்தது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி அரசு 2007-இல் தொடங்கிய ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ, பின்னர் என்.டி.ஆர். வைத்ய சேவாவாகி, 2019-க்குப் பிறகு ஒய்.எஸ்.ஆர். ஆரோக்கியஸ்ரீ ஆகி, 2024 ஆட்சி மாற்றத்துக்குப் பின் மீண்டும் என்.டி.ஆர். பெயருக்குத் திரும்பியது. 2019 நவம்பரில் ஹைதராபாத், சென்னை, பெங்களூரு மருத்துவமனைகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது; எல்லையோர மக்களுக்கு அது பெரிய உதவி. 2023 டிசம்பரில் உச்சவரம்பு ரூ. 25 லட்சமாக உயர்த்தப்பட்டது. மத்தியத் திட்டத்தில் இல்லாத ஓர் அம்சமாக, குறிப்பிட்ட சில அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு ஓராண்டு வரை மருந்தும் பரிசோதனையும் வழங்கும் தொகுப்பும் இதில் உண்டு. அது நல்ல யோசனை. ஆனால், ஓராண்டு என்பது இந்த நோய்க்குத் தொடக்கம் மட்டுமே. உச்சவரம்பு ஐந்து மடங்கு உயர்ந்தாலும் காலவரம்பு உயரவில்லை என்றால், இந்தக் குழந்தைகளுக்குப் பலன் குறைவு.

ஏழை நோயாளிகளுக்கான மத்திய நிதிகளும் இதே வார்ப்பில்தான் உள்ளன. 1997-இல் அமைக்கப்பட்ட ராஷ்ட்ரீய ஆரோக்கிய நிதி, அதன் கீழ் 2009-இல் வந்த சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளி நிதி, எம்.பி.க்களின் பரிந்துரைக் கடிதத்துடன் விண்ணப்பங்கள் குவியும் பிரதமரின் தேசிய நிவாரண நிதி என எதுவானாலும், மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டுக்கு ஒருமுறை தொகை வழங்குவதே முறை. ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, தினமும் ஒரு தைராக்சின் மாத்திரை, கழுத்துக்கு ஓர் அல்ட்ராசவுண்டு, இரண்டு பேருக்குப் பேருந்துக் கட்டணம், ஒருநாள் கூலி இழப்பு என்று எழுதி யாரும் எம்.பி.யிடம் கடிதம் வாங்குவதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சிறு தொகைகள். கூலிக் குடும்பம் ஒன்று ஒத்திப்போட முடிவதும் சிறு தொகைகளைத்தான்.

ஒத்திப்போடுவதற்கு வேறு காரணமும் உண்டு. இந்தச் சிகிச்சையில் வழக்கமாகக் கீமோதெரபி இல்லை, முடி கொட்டுவதில்லை. குழந்தை சில வாரங்களில் பள்ளிக்குப் போய்விடுகிறது. கழுத்துத் தழும்பும் காலப்போக்கில் மங்குகிறது. புற்றுநோய் என்று சொன்னது உண்மைதானா என்றே உறவினர்கள் கேட்கின்றனர். குணமானால் திருமலையில் முடி காணிக்கை என்று வேண்டிக்கொள்வது இப்பகுதி வழக்கம். காணிக்கையைச் செலுத்திவிட்டு வந்ததும், மருத்துவமனைக் கோப்பு பரணுக்குப் போய்விடுவது உண்டு.

நாடாளுமன்றத்தில்: புற்றுநோய் சிகிச்சை பற்றி ஆராய்ந்த, ராம் கோபால் யாதவ் தலைமையிலான சுகாதாரத் துறை நாடாளுமன்ற நிலைக்குழு, புற்றுநோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்குமாறு 2022 செப்டம்பரில் பரிந்துரைத்தது. 2025-26 பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், அவற்றில் 200 மையங்கள் அந்த ஆண்டிலேயே தொடங்கப்படும் என்றும் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார்.

இந்த மையங்கள் முதன்மையாகக் கீமோதெரபிக்காகத் திட்டமிடப்பட்டவை. எனினும், ஒரு குழந்தையின் ரத்தத்தை மாவட்டத் தலைநகரிலேயே எடுத்து, குளிரூட்டிய பெட்டியில் அறுவை நடந்த மருத்துவமனையின் கூடத்துக்கே அனுப்புவதற்கு இவற்றைவிடப் பொருத்தமான இடம் இல்லை. எண்களின் வரிசையும் குலையாது, தாயின் ஒருநாள் கூலியும் மிஞ்சும். இதற்குப் புதிய கருவி வேண்டாம். ஓர் உத்தரவும், பரிசோதனைக் கட்டணத்தைத் திட்டத்தில் சேர்க்கும் ஒரு வரியும் போதும்.

திருமணத்துக்குப் பின்: வளரிளம் பருவத்தில் இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம். சித்தூரில் பன்னிரண்டு வயதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சிறுமி, இருபத்து இரண்டு வயதில் திருமணமாகி குடியாத்தத்துக்கோ திருத்தணிக்கோ செல்லக்கூடும். அப்போது அவளுடைய ரேஷன் அட்டை மாறுகிறது. அதனுடன் மாநிலத்தின் மருத்துவத் திட்டமும் மாறுகிறது. மத்தியத் திட்டம் நாடு முழுவதும் செல்லும் என்றாலும், அது படுக்கையில் சேர்ந்தால்தான். கருவுற்றால் தைராக்சின் அளவை உடனே கூட்ட வேண்டும். கதிரியக்க அயோடின் பெற்றிருந்தால் குறைந்தது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். இவற்றைச் சொல்ல வேண்டிய மருத்துவர் குழந்தைகள் பிரிவில் இருக்கிறார். அவளோ இப்போது குழந்தை அல்ல.

பழைய நோயைப் புகுந்த வீட்டில் சொல்லாமல் இருக்குமாறு அறிவுறுத்தும் பெற்றோரும் இருக்கின்றனர். அவர்களைக் குறை சொல்வது எளிது. வரன் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால், சொல்லப்படாத நோய்க்கு ரத்தப் பரிசோதனையும் செய்யப்படுவதில்லை.

2021 செப்டம்பரில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின்கீழ் வழங்கப்படும் 14 இலக்க 'ஆபா' எண்ணில், ஒருவரின் மருத்துவ அறிக்கைகளை அவரது சம்மதத்துடன் எந்த மாநிலத்திலும் பார்க்க முடியும். அறுவை நடந்த நாள், எந்த அபாயப் பிரிவு, தைரோகுளோபுலின் எவ்வளவு, எதிர்ப்பொருள் உண்டா, எந்தக் கூடத்தில் எந்தக் கருவியில் அளந்தது ஆகிய ஐந்து விவரங்கள் அதில் ஏறிவிட்டால், காகிதக் கோப்பு பரணில் கிடந்தாலும் கவலையில்லை. மருத்துவமனையிலிருந்து குழந்தை வீடு திரும்பும் நாளில் தரப்படும் குறிப்பில், பயன்படுத்திய கருவியின் பெயரைப் பெற்றோர் இன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதற்கு எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை.